ஓம் மாலிக்: சொந்தச் செய்தித்தளத்தை விட்டு முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது ஏன்?

நொய்யல்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இருந்துகொண்டு, இந்தியத் தொடக்க நிறுவனங்களைப் பற்றி ஒரு சிறிய செய்தித்தளத்தையும் வாராந்திர மின்னஞ்சல் மடலையும் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். விளம்பரமும் சந்தாவும் சேர்ந்து மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வருகின்றன. அதற்கு மேல் மிஞ்சுவதில்லை. அண்மையில் பெங்களூரில் உள்ள ஒரு துணிகர முதலீட்டு நிறுவனத்தினர் (பிறர் பணத்தைத் திரட்டி, இளம் நிறுவனங்களில் பங்குக்குப் போடுபவர்கள்), பகுதிநேரக் கூட்டாளியாக வந்து சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன், இதே வழியில் போனவர்களின் வரலாற்றைப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மற்ற எவரையும்விட ஓம் மாலிக்கின் கதைதான் என்னைக் குழப்பியது.

1966இல் தில்லியில் பிறந்து, செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் வேதியியல் படித்து, 1993இல் நியூயார்க்குக்குப் போனவர். ஃபோர்ப்ஸ் இணையதளம் தொடங்கப்பட்டபோது அந்தக் குழுவில் இருந்தார். பிறகு ரெட் ஹெரிங், பிசினஸ் 2.0 ஆகிய இதழ்களில் எழுதினார். 2001இல் கிகாஓம் என்ற தொழில்நுட்பச் செய்தி வலைப்பதிவைத் தொடங்கி, 2006இல் வேலையை விட்டு அதையே முழுநேர நிறுவனமாக்கினார். ட்ரூ வென்ச்சர்ஸ் என்ற சான் பிரான்சிஸ்கோ பகுதி முதலீட்டு நிறுவனம் அதற்கு ஆரம்ப முதலீடு கொடுத்தது. 2014 பிப்ரவரியில் அவர் கிகாஓமின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி, அதே ட்ரூ வென்ச்சர்ஸில் முழுநேரக் கூட்டாளி ஆனார். அடுத்த ஆண்டு, 2015 மார்ச் 9 அன்று, கடன் கொடுத்தவர்களுக்கு முழுமையாகப் பணம் செலுத்த இயலவில்லை என்று அறிவித்துக் கிகாஓம் மூடப்பட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். தன் நிறுவனத்தை நிலைநிறுத்த முடியாமல் போனவர், பிறருடைய நிறுவனங்களில் எது நிலைக்கும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு எப்படி வந்தார்? அதுவும், அவருடைய நிறுவனத்தில் பணத்தை இழந்தவர்களே அவரைத் தங்களோடு வைத்துக்கொண்டது ஏன்? இதை உயர்வு என்று எடுத்துக்கொள்வதா, ஒதுங்கல் என்று எடுத்துக்கொள்வதா?

பழைய பேரேடு

நண்பருக்கு வணக்கம். நீங்கள் சொன்ன வரிசையில் ஒரு சம்பவம் விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்தால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். 2007 டிசம்பர் கடைசியில் ஓம் மாலிக்குக் கடுமையான மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 41. இரவு பகலாகப் பதிவெழுதி, புகையையும் விடாமல் வாழ்ந்த ஒரு வாழ்க்கை அதோடு நின்றது. 2008 முதலே அவர் ட்ரூ வென்ச்சர்ஸில் பகுதிநேரக் கூட்டாளியாக இருந்தார். கிகாஓமின் வணிக நிர்வாகம் வேறு ஒரு தலைமைச் செயல் அலுவலரிடம் இருந்தது. எனவே 2014இல் நடந்தது திடீர்த் தாவல் இல்லை. ஆறு ஆண்டுகள் இரண்டு படகிலும் கால் வைத்திருந்தவர், ஒன்றிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

அதற்கு முன்பும் அவர் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தவர்தான். 1999 வாக்கில் ஹாம்ப்ரெக்ட் அண்ட் குவிஸ்ட் குழுமத்தின் ஆசிய பசிபிக் முதலீட்டு நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, மீண்டும் பேனாவைப் பிடிக்க ரெட் ஹெரிங்குக்குத் திரும்பினார். முதல் முறை முதலீட்டை விட்டு எழுத்துக்கு வந்த அதே மனிதர், இரண்டாம் முறை எழுத்து நிறுவனத்தை விட்டு முதலீட்டுக்குப் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் அவர் கற்றுக்கொண்டது என்ன என்பதே இதில் முக்கியம்.

இனி, பணத்தை இழந்தவர்கள் அவரை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு வருவோம். கிகாஓம் மூடப்பட்டது 2015 மார்ச்சில். அதே ஆண்டு ஜூன் 18 அன்று, கையில் கட்டி நடையை எண்ணும் கருவிகளைச் செய்த ஃபிட்பிட் நிறுவனம், ஒரு பங்கு 20 டாலர் என்ற விலையில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அந்த விலையில் நிறுவனத்தின் மதிப்பு 400 கோடி டாலருக்கு மேல். 2008இல் அதில் ஆரம்பப் பணம் போட்டவர்களுள் ட்ரூ வென்ச்சர்ஸும் உண்டு. பட்டியலிடும்போது அதன் மிகப் பெரிய பங்குதாரர்களுள் ஒன்றாகவும் அது இருந்தது. ஆக, மூன்று மாத இடைவெளியில் ஒரே முதலீட்டு நிறுவனம் கிகாஓம் என்ற இழப்பையும் ஃபிட்பிட் என்ற வரவையும் கண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதலாவது கண்ணுக்கே தெரியாது.

துணிகர முதலீட்டின் கணக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, 10 கோடி டாலர் நிதி ஒன்று 30 நிறுவனங்களில் பிரித்துப் போடப்படுகிறது என்று கொள்வோம். அவற்றில் 20 நிறுவனங்கள் போட்ட பணத்தைத் திருப்பித் தராவிட்டாலும் யாரும் வேலை இழக்க மாட்டார்கள். ஏதோ ஒன்றில் 20 லட்சம் டாலர் போட்டு, பின்வந்த முதலீட்டாளர்களால் பங்கு விகிதம் குறைந்தது போக 10 சதவீதம் கையில் நின்று, அந்த நிறுவனம் 200 கோடி டாலருக்கு விலைபோனால், அந்த ஒன்றே 20 கோடியைக் கொண்டுவந்து முழு நிதியையும் இரட்டிப்பாக்கிவிடும். தேர்ந்தெடுப்பவர் அடிக்கடி சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு முறை மிகப் பெரிதாகச் சரியாக இருந்தால் போதும்.

செய்தித்தளத்தின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மனிதரின் உழைப்பு வேண்டும். நேற்றைய கட்டுரை இன்றைய வாசகரைக் கொண்டுவராது. வாசகர் இரட்டிப்பானாலும் விளம்பர விலை சரிந்துகொண்டே போனதால் வருமானம் இரட்டிப்பாகாது. கிகாஓமினர் இதை அறியாதவர்கள் அல்லர். விளம்பரம் போதாது என்று கண்டு 2008இல் ஸ்ட்ரக்சர் என்ற மாநாட்டைத் தொடங்கினார்கள். 2009இல் கட்டணம் செலுத்திப் படிக்கும் ஆய்வறிக்கைச் சேவையைக் கொண்டுவந்தார்கள். 2012இல் கார்டியன் குழுமத்திடமிருந்து, ஊடகத் தொழில் செய்திகளைத் தரும் பெய்டுகன்டென்ட் தளத்தை வாங்கினார்கள். எல்லாமே அறிவார்ந்த முயற்சிகள். சொந்தக் காசில் நடக்கும் தொழிலாக இருந்திருந்தால் அவை ஒரு நடுத்தர நிறுவனத்தைக் கண்ணியமாக வாழவைத்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். ஆனால் வெளியார் முதலீடு வந்தபின் நடுத்தரமாக வாழ்வது தோல்வியின் இன்னொரு பெயராகிவிடுகிறது. முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வேகத்தைப் பிடிக்க ஆட்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கான பணம் பங்கு முதலீடாக வராதபோது கடனாக வாங்கப்படும். கடன் கொடுத்தவருக்கோ சொத்தின் மீது முதல் உரிமை உண்டு. பங்குதாரர், நிறுவனர், ஊழியர் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கிகாஓமின் சொத்துகள் அப்படித்தான் கடன் கொடுத்தவர்கள் வசம் போயின. அதே ஆண்டு மே மாதத்தில் நோயிங்லி என்ற நிறுவனம் அந்தப் பெயரை வாங்கியது.

மார்ச் 9 என்ற தேதிக்கு வேறொரு குறிப்பும் உண்டு. அன்று காலைதான் சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரத்தின் விலையையும் விற்பனை நாளையும் அறிவித்தது. பகல் முழுவதும் அந்தச் செய்தியை எழுதிக்கொண்டிருந்த கிகாஓம் செய்தியாளர்களின் தளத்தில், மாலையில் தங்கள் நிறுவனம் மூடப்படுவதாகச் சில வரி அறிவிப்பு வந்தது. நிறுவனர் ஓராண்டு முன்பே வெளியேறிவிட்டார் என்பதை அந்த ஊழியர்களின் இடத்திலிருந்து பார்த்தால், ஒதுங்கல் என்ற சொல் சற்றுக் கடுமையாகவே தோன்றும். அவருடைய உடல்நலத்தின் இடத்திலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. இரண்டு பார்வைக்கும் நியாயம் உண்டு.

மயிலைத் தட்டச்சர்

பேரேடு ஐயா கணக்கை நன்றாக விளக்கிவிட்டார். ஆனால் இந்தப் பயணத்தில் விற்கப்படும் சரக்கு எது என்பதை இருவருமே சொல்லவில்லை. தொழில்நுட்பச் செய்தித்தளம் நடத்துகிறவரிடம் இருக்கும் உண்மையான சொத்து விளம்பர வருவாய் கிடையாது. யாருக்கும் தெரியாத ஒரு தொழில்முனைவர், முதலீட்டாளரைப் பார்ப்பதற்கு முன்பே, தன்னைப் பற்றி நாலு வரி எழுதுவீர்களா என்று கேட்டு அவருக்கு மடல் அனுப்புகிறார் அல்லவா, அந்த மடற்பெட்டிதான் சொத்து. முதலீட்டு நிறுவனத்தினர் கூலி கொடுத்து ஆள் வைத்தாலும் அவ்வளவு முன்கூட்டியே அந்த மடல் அவர்களுக்கு வராது. உங்களை அழைத்த பெங்களூர் நிறுவனத்தினரும் உங்கள் எழுத்துநடைக்காக அழைத்திருக்க மாட்டார்கள், மன்னிக்கவும்.

இந்தச் சொத்தை எப்படிக் கையாளக் கூடாது என்பதற்கு மைக்கேல் ஆரிங்டனின் கதையைப் படியுங்கள். 2005இல் டெக்கிரஞ்ச் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளத்தைத் தொடங்கி, 2010 செப்டம்பரில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்துக்கு விற்றார். விற்ற பிறகும் ஆசிரியராகத் தொடர்ந்துகொண்டே, அடுத்த ஆண்டு கிரஞ்ச்ஃபண்ட் என்ற பெயரில் ஏறத்தாழ 2 கோடி டாலர் நிதியை அறிவித்தார். அதில் ஏஓஎல் நிறுவனமே பணம் போட்டது. டெக்கிரஞ்ச் நாள்தோறும் செய்தி எழுதிவந்த பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பலவும் பணம் போட்டன. அதாவது, யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்களிடமே பணம் வாங்கி, யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்களிடமே முதலீடு செய்யும் ஏற்பாடு அது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஏஓஎல் 31.5 கோடி டாலர் கொடுத்து ஹஃபிங்டன் போஸ்ட் செய்தித்தளத்தை வாங்கியிருந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஏரியானா ஹஃபிங்டன், ஏஓஎல் குழுமத்தின் எல்லா ஊடகங்களுக்கும் ஆசிரியத் தலைமை ஏற்றிருந்தார். ஆசிரியர் ஒருவர் முதலீட்டாளராகவும் இருக்க முடியாது என்ற நிலைப்பாடு அங்கிருந்து வந்தது. செப்டம்பர் மாதம் பாதி கழிவதற்குள் ஆரிங்டன் தான் தொடங்கிய தளத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

ஆரிங்டன் எதையும் மறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் முதலீடுகளை வாசகருக்கு வெளிப்படையாக அறிவித்துவிட்டுத்தான் செய்தார். அப்படியிருந்தும் அது போதவில்லை. காரணம் எளிமையானது. எழுதிய செய்தியின் அடியில் ஒரு வெளிப்படுத்தல் குறிப்பைச் சேர்க்கலாம்; எழுதாமல் விட்ட செய்திக்கு அடிக்குறிப்பு போட இடமில்லை. போட்டி நிறுவனத்தைப் பற்றிய நல்ல செய்தி ஏன் வரவில்லை, தன் நிறுவனத்தைப் பற்றிய கெட்ட செய்தி ஏன் வரவில்லை என்று வாசகர் கேட்டால் யாராலும் நிரூபிக்க முடியாது. ஓம் மாலிக் இந்த விஷயத்தில் நெடுங்காலம் பகுதிநேரக் கூட்டாளியாக இருந்தது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. ஆனால் கடைசியில் நாற்காலியைத் தெளிவாக மாற்றிக்கொண்டார், அதன்பின் தன் சொந்தப் பக்கத்தில் தன் பெயரில் எழுதினார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

நொய்யல்வாசி

இருவருக்கும் நன்றி. மடற்பெட்டியைப் பற்றிச் சொன்னது உறைத்தாலும் உண்மை. ஒரு துணைக்கேள்வி. அமெரிக்காவில் ஊடகம் நடத்தியவர் முதலீட்டில் வெல்வதற்கு அந்த ஊரின் நெருக்கம்தானே காரணம்? எல்லோரும் ஒரே விருந்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் இப்படி யாராவது உண்டா?

சாந்தோம் கலங்கரை

உண்டு, அந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. ராஜேஷ் ஜெயின் 1995இல் மும்பையிலிருந்து இந்தியாவேர்ல்டு என்ற இணைய வாசலைத் தொடங்கினார். செய்திக்குச் சமாச்சார், தேடலுக்குக் கோஜ், கிரிக்கெட்டுக்குக் கேல், சமையலுக்குப் பாவர்ச்சி என்று தனித்தனித் தளங்கள். வெளிநாட்டில் இருந்த இந்தியர்கள் காலையில் எழுந்ததும் திறந்த பக்கங்கள் அவை. 1999 நவம்பரில், சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, அதாவது பின்னாளில் சிஃபி என்று நாம் அறிந்த நிறுவனம், அவற்றை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. முதலில் 24.5 சதவீதப் பங்குக்கு ஏறத்தாழ 122 கோடி, மீதிக்கு அடுத்த ஆண்டு மற்றொரு தொகை என்பது ஏற்பாடு. சத்யம் இன்ஃபோவே அதற்கு முந்தைய மாதம்தான் நாஸ்டாக் சந்தையில் பட்டியலாகியிருந்தது. கையில் விலையேறிய பங்கு இருந்ததால்தான் அந்த விலை சாத்தியமாயிற்று. 2000 மார்ச்சுக்குப் பிறகு இணைய நிறுவனங்களின் பங்குகள் சரிந்தபோது, அதே வாசல்களுக்கு அந்த விலையை யாரும் மனத்தால்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

ராஜேஷ் ஜெயின் அதற்குப் பிறகு நெட்கோர் என்ற இணையச் சந்தைப்படுத்தல் நிறுவனத்தை நடத்தியதோடு, தன் சொந்தப் பணத்தை இளம் நிறுவனங்களில் போட்டும் வந்தார். இவரையும் ஓம் மாலிக்கையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. முன்னவர் ஊடகத்தை உரிய நேரத்தில் விற்று, அந்தப் பணத்தால் முதலீட்டாளர் ஆனார். இழந்தால் அவர் பணம். பின்னவர் விற்கவில்லை; அறிவாலும் பழக்கத்தாலும் ஒரு நிதியின் கூட்டாளி ஆனார்; அங்கே புழங்குவது ஓய்வூதிய நிதிகளும் அறக்கட்டளைகளும் பல்கலைக்கழகங்களும் கொடுத்துவைக்கும் பணம்.

ஜேசன் கலகானிஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். 1996இல் நியூயார்க்கில் நகலெடுத்த தாள்களாகத் தொடங்கிய அவருடைய சிலிக்கான் ஆலி ரிப்போர்ட்டர், இணையப் பெருக்கக் காலத்தில் கனமான இதழாகி, பெருக்கம் வடிந்ததும் இளைத்துப்போனது. 2003இல் தொடங்கிய வெப்லாக்ஸ் என்ற வலைப்பதிவு நிறுவனத்தை 2005இல் ஏஓஎலுக்கு விற்றார். மின்னணுக் கருவிகளைப் பற்றி எழுதும் எங்கேஜட் அதில்தான் இருந்தது. 2007இல் தொடங்கிய மஹாலோ என்ற தேடல் தளம், 2011இல் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது அடிபட்டது. ஆனால் முதலீட்டாளராக அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இவற்றில் எதுவும் இல்லை. செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம், நல்ல இளம் நிறுவனங்களைக் கண்டுபிடிக்க வெளியாட்களைப் பயன்படுத்திய திட்டத்தில், அவர்களுடைய பணத்தில் ஊபரில் 25,000 டாலர் போட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பத்திரிகை நடத்திச் சேர்த்த பழக்கம்தான் இத்தகைய நிறுவனர்களுக்கு அருகில் அவரைக் கொண்டுசேர்த்தது என்று நினைக்கிறேன். ஆகவே நெருக்கம்தான் காரணம் என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த நெருக்கத்தை உண்டாக்கியதே பத்திரிகைதான். கோவையில் உங்கள் மடலைப் படிக்கும் பம்புசெட்டுக்காரர் மகனும் ஜவுளி மென்பொருள் எழுதும் பெண்ணும் பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியாதவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பழைய பேரேடு

மேலே வந்தவற்றுக்கு எதிர்ப்பு இல்லை. ஃபிட்பிட்டைப் பற்றி ஒரு வால்செய்தி: 2021 ஜனவரியில் கூகுள் அந்த நிறுவனத்தை ஏறத்தாழ 210 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பட்டியலிட்ட விலையின்படியான மதிப்பில் ஏறக்குறையப் பாதி. எப்போது வெளியேறுகிறோம் என்பது எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதற்குக் குறைந்ததில்லை.

நொய்யல்வாசிக்கு நடைமுறையாகச் சில சொற்கள். நான் ஒரு நிதியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பகுதிநேரக் கூட்டாளி என்ற பட்டம் மிக விரிந்தது. முழுக் கூட்டாளிக்கு இரண்டு வகையில் பணம் வரும். நிதியின் அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் நிர்வாகக் கட்டணமாக எடுக்கப்படும். 10 கோடி டாலர் நிதி என்றால் 20 லட்சம். அதிலிருந்துதான் சம்பளம், வாடகை, பயணம் எல்லாம். மற்றொன்று, முதலீட்டாளர்களுக்கு அசலைத் திருப்பிக் கொடுத்தபின் வரும் லாபத்தில் வழக்கமாக 20 சதவீதம். பெரும் பணம் இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆனால் அது வந்துசேர ஏழெட்டு ஆண்டு ஆகலாம், வராமலும் போகலாம். பகுதிநேரக் கூட்டாளிகள் பலருக்கு இரண்டாவது கிடையாது, அல்லது அவர்களே கொண்டுவந்த முதலீட்டில் மட்டும் சிறு பங்கு. முடிவெடுக்கும் கூட்டத்தில் வாக்கும் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால், மயிலைத் தட்டச்சர் சொன்ன மடற்பெட்டியை மாதச் சம்பளத்துக்கு வாடகை விடுகிறீர்கள் என்று பொருள்.

எனவே எந்த நிதியில், எத்தனை சதவீத லாபப் பங்கு, எத்தனை ஆண்டுகளில் அது உங்களுடையதாகும், நடுவில் விலகினால் என்ன ஆகும், உங்கள் தளத்தில் அவர்கள் முதலீடு செய்த நிறுவனங்களைப் பற்றி எழுத உங்களுக்கு உரிமை உண்டா ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் தளத்துக்கும் சேர்த்துப் பணம் போடுகிறோம் என்று அவர்கள் பேச்சை எடுத்தால், அதைத் தனி ஒப்பந்தமாக வையுங்கள்; மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு தளம், யாருக்கும் கடன்படாமல் இருக்கும்வரை, மூடப்பட வேண்டிய அவசியமே இல்லாத தொழில். அவர்கள் பதில் வந்ததும் தொகைகளை மட்டும், பெயர்கள் இல்லாமல், இங்கே எழுதுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.